காணாமல் போகும் தடம்

ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள எல்.எச்.சி. என்னும் புரோட்டான் மோதுவியில் 2012-இல் ஹிக்ஸ் போசான் பிடிபட்டபோது, அடுத்து சிக்கப்போவது, அறிந்த ஒவ்வொரு துகளுக்கும் ஓர் இணை உண்டு என்னும் சூப்பர்சிமெட்ரி கோட்பாட்டின் துகள்கள்தாம் என்று பலர் நம்பினார்கள். இதுவரை ஒன்றும் சிக்கவில்லை. குவார்க்குகளைப் பிணைக்கும் குளுவானின் இணையான குளுவினோ, எளிய மாதிரிகளில் ஏறத்தாழ 2 டெரா எலக்ட்ரான்வோல்ட் நிறை வரை விலக்கப்பட்டுவிட்டது. ‘எளிய மாதிரிகளில்’ என்ற நிபந்தனையை விட்டுவிட்டு, கோட்பாடே செத்துவிட்டது என்று எழுதுவது எனக்கு அவசரமாகப் படுகிறது.

தேடலின் அடிப்படை, புரோட்டான் கற்றைக்குக் குறுக்குத் திசையிலான உந்தத்தைக் கூட்டிப் பார்ப்பதுதான். கூட்டுத்தொகை பூஜ்யமாகவில்லையென்றால், ஏதோ ஒன்று கண்ணில் படாமல் வெளியேறியிருக்க வேண்டும். ஆனால் நியூட்ரினோக்களும் அப்படியே நழுவும் என்பதால், இசட் போசான் இரு மியூவான்களாகச் சிதைந்த நிகழ்வுகளை எடுத்து, அந்த மியூவான்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டு, இசட் நியூட்ரினோக்களாகச் சிதைவதால் போலி எவ்வளவு வரும் என்று மதிப்பிடுகிறார்கள்.

என்னை மிகவும் ஈர்ப்பது பாதியில் மறையும் தடங்களின் தேடல். சூப்பர்சிமெட்ரி துகள்களான சார்ஜினோவும் நியூட்ரலினோவும் நிறையில் மிக நெருங்கியிருந்தால், மின்னூட்டமுள்ள சார்ஜினோ சில சென்டிமீட்டர் ஓடியபின், புலப்படாத நியூட்ரலினோவாகவும், உணர்கருவியில் பதியாத அளவு மெதுவான பயான் என்னும் லேசான துகளாகவும் சிதையும். எல்.எச்.சி.யில் உள்ள அட்லஸ் உணர்கருவியின் உள் நான்கு பிக்சல் அடுக்குகளில், சுமார் 12 சென்டிமீட்டருக்குள், புள்ளிகள் விழுந்து பிறகு தடமே இருக்காது. தொடர்பில்லாத புள்ளிகள் தற்செயலாக ஒரு கோட்டில் அமைந்தாலும் இதே தோற்றம்தான் என்பது பெரும் தலைவலி. 2014-இல் கற்றைக்கு 3.3 சென்டிமீட்டர் தொலைவில் பொருத்தப்பட்ட கூடுதல் அடுக்குதான் இவ்வளவு குறுகிய தடங்களின் வேட்டையைச் சாத்தியமாக்கியது. ஹிக்ஸின் இணையான ஹிக்சினோவுக்கான நிறை வரம்புகள் இன்னும் சில நூறு கிகா எலக்ட்ரான்வோல்ட் அளவிலேயே நிற்கின்றன.