அஞ்சு நிமிஷ வேலை

“உங்களுக்கு இது அஞ்சு நிமிஷ வேலை மாமா” என்று சொல்லி, தூரத்து உறவுப் பையன் ஒருவன் சென்ற மாதம் பன்னிரண்டு பக்கங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அவன் படித்த பள்ளியின் விழா மலருக்காக, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய நினைவுக் குறிப்பு அது. தமிழில் வேண்டுமாம், மறுநாளே வேண்டுமாம். கூலி என்ற பேச்சே எழவில்லை.

முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன். தோழியின் வீட்டில் மேலும் தங்கி ‘இம்போஸ்’ செய்ய விரும்பாமல் மூன்றாம் நாளே கிளம்பிவிட்டதாக அந்த அம்மையார் எழுதியிருந்தார். ‘தொந்தரவு’ என்று போட்டால் சத்தம் போடும் விருந்தாளி நினைவுக்கு வருகிறார். ‘சிரமம்’ என்பதோ வெறும் உபசார வார்த்தையாகிவிட்டது. லத்தீனில் இதன் வேர்ச்சொல்லுக்கு ‘மேலே வைத்தல்’ என்று பொருள். வரி விதிப்பதற்கும் ஆங்கிலத்தில் இதே வினைச்சொல்தான். ஆள்மாறாட்டம் செய்யும் ‘இம்போஸ்டர்’ பிறந்ததும் இதே வேரிலிருந்துதான். நாம் ‘தலையில் கட்டுவது’ என்று சொல்வதும் ஏறக்குறைய இந்தப் படிமமே என்றாலும், அது பிறரைக் குற்றம் சாட்டும்போது மட்டும் நம் வாயில் வருகிறது. தன்னைப் பற்றியே கூச்சத்தோடு சொல்லிக்கொள்ள அது உதவாது.

இதே குடும்பத்துச் சொல்லான ‘ப்ரிஸ்யூம்’ இன்னும் நுட்பமானது. முன்கூட்டியே எடுத்துக்கொள்வது என்பது அதன் லத்தீன் மூலம். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிறவனுக்காவது முதலில் யாரோ இடம் கொடுத்திருக்கிறார்கள். ‘ப்ரிஸ்யூம்’ செய்பவன் அதற்குக்கூடக் காத்திருப்பதில்லை. நம்முடைய ‘உரிமை எடுத்துக்கொள்வது’ இதற்கு மிக நெருக்கம், ஆனால் பாதி நேரம் நாம் அதைப் பாராட்டாகவே சொல்கிறோம்.

‘எக்ஸ்ப்ளாய்ட்’ என்பது பெயர்ச்சொல்லாக வந்தால் வீரச்செயல். வினையாக வந்தால், சுரங்கத்தையோ நிலத்தையோ பயன்படுத்துவதில் தொடங்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மனிதரைச் சுரண்டுவதில் வந்து நின்றது. ஒரு தளபதியின் சாகசங்களை ‘அவருடைய சுரண்டல்கள்’ என்று யாரோ மொழிபெயர்த்திருந்ததை ஒருமுறை மெய்ப்புப் பார்க்கையில் கண்டேன். அந்தத் தளபதியின் வரலாறு தெரிந்திருந்ததால், திருத்துவதற்குக் கொஞ்சம் தயக்கமாகவே இருந்தது.

உறிஞ்சும் பஞ்சு, அட்டை என்று ஒட்டிப் பிழைப்பவருக்கு ஆங்கிலத்தில் பெயர்கள் நிறைய உண்டு. எனக்குப் பிடித்தது ‘பாரசைட்’. கிரேக்கத்தில் அது பிறர் பந்தியில் உண்பவரைக் குறித்தது. முகத்துதி பாடிச் சோறு தேடும் அந்த ஆள் அக்கால இன்பியல் நாடகங்களில் நிலையான ஒரு பாத்திரம். உயிரியல் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது பிற்காலத்தில்தான். தமிழின் ‘ஒட்டுண்ணி’ எதிர்த்திசையில் பயணித்து, அறிவியல் பாடத்திலிருந்து மேடைப்பேச்சுக்கு வந்தது. இரண்டிலும் ‘உண்பது’ ஒளிந்திருப்பதுதான் அழகு. ‘ஓசி’ மட்டும் நேரே ஆங்கிலத்திலிருந்து வந்தது, கும்பினியார் தபாலில் குத்திய இலவச முத்திரையின் எழுத்துகள் அவை என்று ஒரு கதை சொல்வார்கள்.

இரவு ஒரு மணிக்கு, ‘இம்போஸ்’ இருந்த இடத்தில் ‘பாரமாக இருக்க மனமின்றி’ என்று எழுதி அனுப்பினேன். காலையில் பதில் வந்திருந்தது: “‘பாரம்’ கொஞ்சம் கனமா இருக்கு மாமா, வேற லேசான வார்த்தையா போட்டுக் கொடுங்களேன்.”