நெவாடா பாலைவனத்தில் சில உதைகள்

அரிசோனாவின் சாண்ட்லரிலிருந்து லாஸ் வேகாஸுக்கு 93ஆம் எண் சாலை வழியாகப் போனால் ஐந்து மணி நேரம் பிடிக்கும். விக்கன்பர்க் தாண்டியதும் இரண்டு பக்கமும் ஜோஷுவா மரங்கள், கிங்மனில் ஒரு காபி, அப்புறம் ஹூவர் அணைக்குப் பக்கத்தில் போகும் பாலம். ஊரிலிருந்து வந்திருந்த மச்சினனுக்கு வேகாஸின் சூதாட்டம், நீரூற்று, விளக்குகள் எதிலும் ஆசையில்லை. கரூரில் விமானச் சீட்டு போடும்போதே சொல்லிவிட்டான்: "துப்பாக்கி சுடணும் மாமா. இருக்கறதுலயே பெருசா."

அந்த ஆசைக்கு வேகாஸ் சரியான ஊர்தான். நகருக்குள்ளேயே ஏசி போட்ட சுடுதளங்கள் இருக்கின்றன. ஆனால் பெரிய துப்பாக்கிகளை வெட்டவெளியில் சுடுவதுதான் நல்லது என்று நண்பர்கள் சொன்னதால், போல்டர் சிட்டி பக்கம் பாலைவனத்தில் இருக்கும் ஒரு இடத்தில் பதிவு செய்திருந்தோம். கல்லூரி என்சிசியில் .22 ரைபிள் சுட்டதோடு என் அனுபவம் சரி. அது உதைக்கவே உதைக்காது (சுடும்போது துப்பாக்கி பின்னால் வந்து இடிப்பதுதான் உதை). மச்சினனுக்கு அந்த அனுபவமும் கிடையாது, ஆனால் ஜிம்மில் வளர்த்த தோள் உண்டு. ஐந்தடி உயரமுள்ள என் மனைவி வேடிக்கை பார்க்க வந்தவள். வந்ததுதான் வந்தாய், நீயும் சுடு என்று சொல்லி அவள் பெயரையும் எழுதினோம்.

பயிற்சியாளர் நரைத்த தாடிக்காரர். முதல் கால் மணி நேரம் அவர் குறிபார்ப்பதைப் பற்றிப் பேசவே இல்லை, நிற்பதைப் பற்றி மட்டுமே பேசினார். இடது கால் முன்னே, முழங்கால் லேசாக மடங்கி, உடம்பின் பாரம் முன்பாதத்தில் இருக்க வேண்டும். துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தோள் குழிக்குள் இறுக்கி இழுத்து வைக்க வேண்டும். இடைவெளி விட்டால் துப்பாக்கி அந்த இடைவெளியில் வேகம் பிடித்து வந்து எலும்பில் மோதும். உதைக்குப் பயப்படுகிறவர்கள்தான் கட்டையைத் தோளிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிப்பார்களாம். அவர்களுக்குத்தான் அடி பலமாக விழுமாம்.

முதலில், ஒரே தோட்டாவிலிருந்து பல ரவைகளைச் சிதறவிடும் 12 கேஜ் ஷாட்கன். பறவை சுடும் சன்ன ரவையில் ஆரம்பித்ததால் ஒன்றும் தெரியவில்லை. மச்சினன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அடுத்து ஸ்லக், அதாவது சில்லறை ரவைக்குப் பதிலாக ஒரே ஈயக் கட்டி. அவன் சுட்டதும் சத்தத்துக்கு முன்னால் அவன் வலது தோள் பின்னால் போனதைத்தான் பார்த்தேன். கால் ஒரு அடி நகர்ந்திருந்தது. சிரிப்பு இருந்தது, ஆனால் கண்ணில் இல்லை. என் முறை வந்தபோது தாடையிலும் ஒரு தட்டு விழுந்தது. 

இதன் கணக்கு பத்தாம் வகுப்பில் படித்த உந்த அழிவின்மை விதிதான். ஸ்லக் சுமார் 28 கிராம், நொடிக்கு 480 மீட்டர் வாக்கில் போகிறது. துப்பாக்கியின் எடை மூன்றேகால் கிலோ. ஈயத்தை மட்டும் கணக்கில் எடுத்தாலே துப்பாக்கி நொடிக்கு நான்கு மீட்டர் வேகத்தில் திரும்பி வர வேண்டும். ஈயத்தின் பின்னாலேயே சீறிப் போகும் வாயுவின் பங்கு தனி. தேர்வுக்கு எழுதும்போது இதில் தோள் என்று ஒன்று வராது.

அடுத்தது ஸ்மித் அண்ட் வெஸன் 500. 2003இல் வந்த ரிவால்வர், உருளையில் ஐந்து தோட்டாதான் அடங்கும், எடை இரண்டு கிலோ வரும். பயிற்சியாளர் ஒரே ஒரு தோட்டாவைப் போட்டுக் கொடுத்தார். உதை தாங்காமல் கை இறுகும்போது விரல் தன்னை அறியாமல் இன்னொரு முறை விசையை இழுத்துவிடுமாம். அந்த நேரத்தில் குழல் வானத்தையோ சுடுகிறவரின் தலையையோ பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் புதியவர்களுக்கு ஒற்றைத் தோட்டாதான்.

அவர் அப்படிச் சொன்னதும், வரும் வழியில் அரிசோனாவில் பார்த்த ஒயிட் ஹில்ஸ் ஊர்ப் பலகை நினைவுக்கு வந்தது. 2014 ஆகஸ்டில் அங்கேயுள்ள ஒரு சுடுதளத்தில் ஒன்பது வயதுச் சிறுமியிடம் ஊஸி இயந்திரத் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். ஊஸியின் ஒவ்வொரு தோட்டாவும் சின்ன உதைதான். ஆனால் தொடர்ச்சியாகச் சுடும்போது ஒவ்வொரு உதையும் முந்தியதன் மேல் ஏறி உட்கார்ந்து குழலை மேலே தூக்கும். துப்பாக்கி அவள் பிடியை மீறித் திரும்பியது. பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் இறந்துபோனார். எடை, வயது, பிடி எதையும் யோசிக்காமல் ஆசைப்பட்டதைக் கையில் கொடுத்துவிடும் வியாபாரம் எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. எங்கள் தாடிக்காரர் அந்த ரகமில்லை.

ரிவால்வரின் உதை தோளுக்கு வராது. உள்ளங்கையில் பெருவிரலின் அடியில் அறைந்து, மணிக்கட்டை மடக்கி, குழலை நெற்றிப் பக்கம் கொண்டுவரும். குழல் கைக்கு மேலே இருப்பதால் பின்னால் வரும் உதை துப்பாக்கியை மேலே சுழற்றவும் செய்கிறது. இரண்டாவது தோட்டாவுக்குள் மச்சினனின் கண்கள் விசையை இழுப்பதற்கு முன்பே மூடிக்கொள்ள ஆரம்பித்தன. தாடிக்காரர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த தடவை வெடிக்காத போலித் தோட்டாவை உள்ளே போட்டார். 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. ஆனால் குழல் நான்கு விரற்கடை கீழே குத்தியது. வராத உதையை அவன் கை தடுத்துக்கொண்டிருந்தது. குண்டெல்லாம் இலக்குக்குக் கீழே மண்ணில் போனதற்குக் காரணம் அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

என் மனைவிக்கு இந்தச் சிக்கல் வரவில்லை. உதையை எதிர்த்து நிற்காமல் கையோடு சேர்ந்து மேலே போய் இறங்கினாள். ஜிம் போகிறவர்கள் மல்லுக்கட்டுவார்கள் என்றார் தாடிக்காரர்.

கடைசியில் மச்சினன் கேட்டு வந்த "பெருசு": பாரெட் எம்82 ரைபிள். டென்னசிக்காரரான ரானி பாரெட் 1980களின் தொடக்கத்தில் வடிவமைத்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஜான் பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கிக்காக உருவாக்கிய, குண்டு அரை அங்குலம் தடிமனாக இருக்கும் .50 தோட்டாவைச் சுடுவது. தோட்டா என் உள்ளங்கையை விட்டு வெளியே நீண்டது. ஒரு தோட்டாவின் விலையில் இரண்டு பேர் பிரியாணி சாப்பிடலாம். மச்சினன் கையைத் துடைத்துக்கொண்டு, "நீங்க முதல்ல மாமா" என்றான்.

மேசையில் தாங்குகால் ஊன்றிய அந்தப் பதினான்கு கிலோ இரும்பின் பின்னால் உட்கார்ந்தேன். கண்ணைத் தொலைநோக்கிக்கு ரொம்பக் கிட்டே கொண்டுபோகாதே, புருவத்தில் பிறை மாதிரி வெட்டிவிடும் என்று தாடிக்காரர் எச்சரித்தார். விசையை இழுத்தேன். நெரிசலான டவுன் பஸ்ஸில் பின்னாலிருந்து தள்ளுவார்களே, அப்படி ஒரு தள்ளு. வலியே இல்லை! 42 கிராம் குண்டு நொடிக்கு 850 மீட்டருக்கு மேல் போயிருக்கிறது, ஆனால் ஷாட்கன்தான் அதிகம் வலித்தது.

எடைதான் முதல் காரணம். அதே கணக்கைப் போட்டால் இந்தத் துப்பாக்கி திரும்பி வரும் வேகம் நொடிக்கு இரண்டரை மீட்டர்தான். அப்புறம், குழலே ஒரு அங்குலம் பின்னால் நழுவி ஸ்பிரிங்கில் தேங்குகிறது. குழல் நுனியில் அம்புமுனை மாதிரி இருக்கும் பிரேக், வாயுவைப் பக்கவாட்டிலும் பின்னாலும் திருப்பிவிட்டுத் துப்பாக்கியை முன்னே இழுக்கிறது. திருப்பிவிட்ட வாயு சும்மா போகவில்லை. பக்கத்தில் நின்ற என் மனைவியின் துப்பட்டா முகத்தில் அடித்தது, மேசையைச் சுற்றியிருந்த மண் முழுவதும் எழும்பியது. நெஞ்சுக்குள் ஒரு குத்து வாங்கியதாக அவள் சொன்னாள். சுட்டவனைவிட வேடிக்கை பார்த்தவர்களுக்குத்தான் அதிகம்.

இந்த வசதியெல்லாம் வருவதற்கு முன்னால் யானை சுட்டவர்களின் தோள் என்ன பாடுபட்டிருக்கும்? 1840களில் இலங்கையின் நுவரெலியாவில் குடியேறிய ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர், பிற்பாடு ஆப்பிரிக்காவுக்கு அரை ராத்தல் குண்டு சுடும் துப்பாக்கி ஒன்றைக் கொண்டுபோனார். அது அவரையே சுழற்றிவிடும் என்பதால் அதிகம் தொடமாட்டாராம்.

மச்சினனும் பாரெட்டைச் சுட்டு, எட்டத்தில் இருந்த இரும்புத் தகட்டை அடித்தான். குண்டு பட்ட சத்தம் கொஞ்சம் தாமதித்து வந்தபோது அவன் போட்ட கூச்சலில் ஷாட்கன் மறந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை அவன் சட்டை மாற்றும்போது பார்த்தால், வலது தோளில் அடிக்கட்டையின் அகலத்துக்கு நீலம் பாரித்திருந்தது. அமெரிக்க வண்டியில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் சீட் பெல்ட் வலது தோள் வழியாகத்தான் இறங்கும். கிங்மன் வரை பெல்ட்டைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தவன், அங்கே காபிக்கு நிறுத்தியதும் அக்காவை முன்னால் உட்காரச் சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் இடது ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.