கடைசி ஸ்டேஷனில் இருக்கும் ஊர்

ஸ்பெயினில், கிரனாடா நகரத்து அல்ஹம்ப்ரா அரண்மனைக்கு வியாழக்கிழமைதான் டிக்கெட் கிடைத்தது. அதனால் செவில் நகரத்தில் எங்கள் கையில் இரண்டு நாள் மிச்சம். ஞாயிறு இரவு அப்பாவும் நானும் விடுதிக் கட்டிலில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மலகாவா, காடிஸா?

மலகா பக்கம்தான் காரணங்கள் அதிகம். பிக்காசோ பிறந்த ஊர், அவர் பெயரில் அருங்காட்சியகம், குன்றின் மேல் கோட்டை, அப்படியே கிரனாடாவுக்குப் பஸ் பிடித்துப் போய்விடலாம். காடிஸ், ரயில் பாதையின் கடைசி ஸ்டேஷன். போனால் வந்த வழியே திரும்ப வேண்டும். போதாததற்கு, இதைப் பார்க்காமல் வராதே என்று யாரும் சொல்லும்படி ஒரு கட்டடமும் அங்கே இல்லை. நான் மலகா என்றேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் வரைபடத்தில் காடிஸ் மேல் விரலை வைத்தார். ஒரு நீளமான மெலிந்த மணல் திட்டு, அதன் நுனியில் பழைய ஊர், சுற்றிலும் கடல். "இந்த இடத்தில துறைமுகம் கட்டாம இருந்தாத்தாம்மா ஆச்சரியம்" என்றார். முப்பது வருடம் துறைமுகத்தில் சரக்கை எண்ணிக் கணக்கு வைக்கும் டாலி கிளார்க்காக இருந்தவர். சரி, காலையில் போய் இரவு திரும்பிவிடலாம் என்று முடிவானது.

செவிலிலிருந்து ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஸ்டேஷன் பழைய ஊரின் வாசலிலேயே இருக்கிறது, அப்பாவின் முழங்காலுக்கு அது பெரிய உதவி. நல்ல செய்தி அதோடு முடிந்தது. அன்று லெவாந்தே அடித்தது. கிழக்கிலிருந்து வரும் இந்தக் காற்று கிளம்பிவிட்டால் மனிதர்களுக்குப் பித்துப் பிடிக்கும் என்று அங்கே சொல்வார்கள். அரை மணி நேரத்தில் நம்பிவிட்டேன். கடற்கரைப் பக்கம் போனால் மணல் வாய்க்குள் வந்தது. கப்பலில் வந்த சுற்றுலாக் கூட்டம் கதீட்ரல் சதுக்கத்தை நிரப்பியிருந்தது. அருங்காட்சியகத்துக்குப் போனால் பூட்டு. திங்கட்கிழமை விடுமுறை என்பதை நான்தான் பார்க்காமல் விட்டேன். மதியம் இரண்டு மணிக்கு இந்த ஊர் தேவையே இல்லை என்று என் மனதில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

அதை மாற்றியது தவிரா கோபுரம்.

1717-இல், அமெரிக்கக் காலனிகளோடு ஸ்பெயின் செய்த வணிகத்தை நிர்வகித்த அலுவலகத்தை செவிலிலிருந்து காடிஸுக்கு மாற்றினார்கள். செவில் ஆற்றங்கரைத் துறைமுகம். ஆற்றில் மண் சேரச் சேர, பெரிய கப்பல்கள் ஏறி வர முடியாமல் போயிற்று. காடிஸ் வணிகர்கள் பணக்காரர்களானார்கள். தங்கள் கப்பல் வருகிறதா என்று பார்க்க வீட்டு மாடியிலேயே ஆளுக்கொரு கோபுரம் கட்டிக்கொண்டார்கள். இன்றும் நூற்றுக்கு மேல் நிற்கின்றன. அவற்றில் உயரமான இடத்தில் இருந்ததை 1778-இல் துறைமுகத்தின் அதிகாரப்பூர்வக் கண்காணிப்புக் கோபுரமாக்கினார்கள். அங்கே முதலில் காவல் பார்த்தவர் அந்தோனியோ தவிரா. அவர் பெயரே கோபுரத்தின் பெயராகிவிட்டது. "கப்பல் முதலாளி பேரு இல்ல, பாத்துக்கிட்டு நின்னவன் பேரு" என்று அப்பா இரண்டு தடவை சொன்னார். படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார்.

மேலே ஓர் இருட்டறை. கூரையில் கண்ணாடியும் லென்ஸும். வெளியே இருக்கும் ஊர் அப்படியே உள்ளே ஒரு வெள்ளை வட்டத் தட்டில் விழுகிறது. படம் என்றால் அசையாத படமில்லை. மொட்டை மாடிகளில் துணிகள் லெவாந்தேயில் படபடக்கின்றன, கடற்புறா குறுக்கே போகிறது, கதீட்ரலின் மஞ்சள் குவிமாடம் வெயிலில் மின்னுகிறது. காலையிலிருந்து நான் திட்டிக்கொண்டிருந்த காற்றை அங்கே சத்தமில்லாமல் பார்த்தேன். அப்பா தட்டை விட்டு நகரவில்லை. வெளியே வந்ததும், "இன்னைக்கு இங்கயே தங்கிடலாமே" என்றார். மாற்று உடுப்பு இல்லை. பிரஷர் மாத்திரை சட்டைப் பையில் இருந்ததால் சம்மதித்தேன்.

மாலையில் கப்பல் கூட்டம் கிளம்பிவிட்டது, காற்றும் தணிந்தது. லா கலேத்தா இரண்டு கோட்டைகளுக்கு நடுவே பிறை மாதிரி வளைந்த சின்னக் கடற்கரை. பாட்டிகள் சொந்த நாற்காலியோடு வந்து வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பொடி இறாலைக் கடலை மாவில் கலந்து மெல்லிசாக, மொறுமொறுவென்று பொரித்துத் தருகிறார்கள், தொர்த்தியீத்தா என்று பெயர். அப்பா நான்கு சாப்பிட்டார். நானும் நான்கு என்று எழுதினால் அது பொய்.

மறுநாள் காலை அருங்காட்சியகம். ஐரோப்பிய ஒன்றியத்துக்காரர்களுக்கு இலவசம், எங்களுக்கு ஆளுக்கு ஒன்றரை யூரோ. அங்கே மனித உருவில் செதுக்கிய இரண்டு பளிங்குச் சவப்பேழைகள், தாடி வைத்த ஆண் ஒன்று, கையில் சிறு குப்பி பிடித்த பெண் ஒன்று. இந்த ஊரை நிறுவிய ஃபினீசியர்கள் என்ற பண்டைக் கடல் வணிகர்களுடையவை. ஆண் 1887-இல் கிடைத்தது. துணையாகப் பெண் பேழையும் எங்கோ இருக்கும் என்று பெலாயோ கின்தேரோ என்ற தொல்லியல் ஆய்வாளர் தேடிக்கொண்டே இருந்தாராம். கிடைக்கவில்லை, 1946-இல் இறந்தார். 1980-இல் ஒரு கட்டடத்துக்குத் தோண்டும்போது அந்தப் பெண் வெளியே வந்தாள். தோண்டிய இடம், அவர் வீடு இருந்த மனை.

கேட்பவர்களுக்கு இப்போது நான் சொல்வது இதுதான்: பகலில் போய்ப் பகலிலேயே திரும்புவதாக இருந்தால் காடிஸ் வேண்டாம், மலகாவுக்குப் போங்கள். ஓர் இரவு தங்க முடியுமென்றால் காடிஸ். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம். காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். கிழக்கென்றால் நேரே கோபுரத்துக்குப் போய்விடுங்கள்.

திரும்பும் ரயிலில் அப்பா உப்பளங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். நடுவில் திடீரென்று சிரித்தார். என்னப்பா என்றேன்.

"ராத்திரி அவ மேலயே படுத்துத் தூங்கியிருக்கான் பாவம், அந்த கின்தேரோ."