அலமரல்: ஒரு சொல்லைப் பாட்டோடு படித்த அனுபவம்

தமிழ்ப் போட்டித் தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் பலரும் ‘அலமரல் – சுழற்சி, கலக்கம்’ என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார்கள். சுழற்சிக்கும் கலக்கத்துக்கும் என்ன உறவு என்று கேட்டுக்கொள்ளாதவரை அந்த வரி நினைவில் நிற்பதில்லை என்பதே என் அனுபவம்.

‘அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி’ என்பது, உரிச்சொற்களுக்குப் பொருள் கூறும் தொல்காப்பிய உரியியலில் வரும் நூற்பா. மனம் ஒரு நிலையில் நில்லாமல் சுழல்வதால் கலக்கம் என்ற பொருளும் இச்சொல்லுக்கு உண்டு. இதை எனக்குத் தெளிவாகக் காட்டியது, திருஞானசம்பந்தரின் திருவையாற்றுப் பதிகத்தில் ‘புலனைந்தும் பொறிகலங்கி’ என்று தொடங்கும் பாடல்தான். புலன்கள் கலங்கி, நெறி மயங்கி, அறிவழிந்து, சாகும் தறுவாயில் உயிர் ‘அலமந்த’ வேளையில் இறைவன் ‘அஞ்சேல்’ என்கிறான். அதே பாட்டின் இறுதியில், முழவின் ஒலியை இடியென்று எண்ணி மழைக்கு அஞ்சிய மந்திகள் ‘அலமந்து’ மரமேறி முகிலைப் பார்க்கின்றன. சாகும் தறுவாயின் தவிப்புக்கும் குரங்குகளின் பதற்றத்துக்கும் ஒரே சொல் இசைந்து வருவது எவ்வளவு அழகு!

கலங்கி, மயங்கி, அறிவழிந்து, அலமந்து என்று நெருங்கிய பொருளுடைய சொற்கள் அங்கேயே வரிசையாக நிற்பதால், ஒருபொருள் தரும் சொற்களைத் தனியே மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. ஆனாலும் இத்தகைய சொற்களின் நுண்ணிய வேறுபாட்டை அறிந்திருப்பது நல்லது: திகைத்தவர் செயலற்று நிற்பார், மயங்கியவருக்கு அறிவு தெளிவாக இராது, தடுமாறுபவர் உறுதியான நிலையின்றித் தள்ளாடுவார், அலமருபவரோ நிலைகொள்ளாமல் சுழல்வார். இன்றைய வழக்கில் பதற்றம், பரிதவிப்பு ஆகிய சொற்கள் இதற்கு நெருங்கி வருகின்றன.

‘அலமந்து’ என்பதைக் கண்டதும் அதை வேறொரு சொல்லாக எண்ணிவிடக் கூடாது. வரல், வந்து என்று ஆவதைப் போலவே அலமரல், அலமந்து என்றாகிறது. தேர்வில் ஒலி ஒப்புமையால் ‘அலறல்’ என்ற விடையை நோக்கிக் கை போவதும் உண்டு என்பதால் அங்கே கவனம் வேண்டும். சுழற்சி, கலக்கம் இரண்டுமே விடைகளாகக் கொடுக்கப்பட்டிருந்தால், உரிச்சொல் பற்றிய வினாவுக்குச் சுழற்சியையும், செய்யுளடி தரப்பட்டிருந்தால் அவ்விடத்துக்குப் பொருந்துவதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். தெருமரலையும் இதே முறையில் படிக்கலாம்.