கோங்ஸ்பெர்க் வெள்ளி: சந்திப்பைக் கணக்கிடுவதும் மாதிரியைச் சோதிப்பதும்

நார்வேயின் கோங்ஸ்பெர்க்கில் 1623இல் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. மறு ஆண்டே அரசர் நான்காம் கிறிஸ்டியன் அங்கே ஊரை நிறுவினார். 1950களின் இறுதியில் சுரங்கம் மூடப்படும் வரை கிடைத்த வெள்ளி ஏறத்தாழ 1,350 டன். அதில் பெரும்பங்கு உலோக வெள்ளியாகவே கிடைத்தது: சுருள் கம்பிகள், தகடுகள், சில இடங்களில் கிலோக் கணக்கில் கட்டிகள்.

இந்த மலையைப் புரிந்துகொள்ள ஒரு விதி போதும். பைரைட், பைரோடைட் என்ற இரும்பு சல்ஃபைடு (கந்தகச் சேர்மம்) கனிமங்கள் தூவிக் கிடக்கும் பட்டைகள், நைஸ் எனப்படும் வரியோடிய உருமாறிய பாறைகளுக்கிடையே வடக்குத் தெற்காக ஓடுகின்றன. இந்தப் பட்டைகளுக்கு ஃபால்பாண்ட் என்று பெயர். வெளியே தெரியும் இடங்களில் துரு நிறம். பாறைப் பிளவுகளில் கால்சைட் (சுண்ணக் கனிமம்) படிந்து உண்டான நரம்புகள் அவற்றைக் கிழக்கு மேற்காக வெட்டுகின்றன. பல நரம்புகளின் தடிமன் சில சென்டிமீட்டர்தான். நரம்பு பட்டையை வெட்டும் இடத்தில் வெள்ளி இருக்கலாம். பட்டையைத் தாண்டிவிட்டால் அநேகமாக வெறும் கால்சைட்தான். வெந்நீரில் கரைந்து வந்த வெள்ளியைப் பட்டையின் சல்ஃபைடுகள் படியவைத்தன என்பது பழைய விளக்கம். நரம்புகளில் கரிப்பொருளும் இருப்பதால் ஹைட்ரோகார்பன்களுக்கும் பங்கிருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

ஆக, வரைபடத்தில் தேட வேண்டியது இரண்டு தளங்கள் சந்திக்கும் கோட்டை. கிடைமட்டத்திலிருந்து நரம்பு தெற்கே 80 டிகிரி, பட்டை கிழக்கே 75 டிகிரி சாய்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் கீழே போனால் சந்திப்பு 18 மீட்டர் தெற்கேயும் 27 மீட்டர் கிழக்கேயும் நகர்ந்திருக்கும். பட்டையின் சாய்வை 70 என்று தவறாக அளந்தால் அந்த 27 என்பது 36 ஆகிவிடும். 9 மீட்டர் தள்ளித் துளையிட்டால் வெறும் பாறைதான் வரும். நரம்பில் வெள்ளி இல்லை என்று எழுதிவிட்டு வந்துவிடுவோம்.

இந்தத் தவறு எளிதில் நேரும். பைரோடைட் காந்தத்தன்மை உடையது என்பதால், எந்தப் பட்டையின் திசை வேண்டுமோ அதன் அருகிலேயே காம்பஸ் முள் விலகும். சுரங்கத்துக்குள் டோட்டல் ஸ்டேஷன் (கோணத்தையும் தூரத்தையும் ஒளியால் அளக்கும் நில அளவைக் கருவி) வைத்து, தெரிந்த புள்ளிகளிலிருந்து திசையை எடுப்பதே சரி. பழைய சுரங்கவழிகள் பலவும் விறகை எரித்துப் பாறையை வெடிக்கவைத்துக் குடைந்தவை. சுவரில் கரி படிந்திருந்தால் தண்ணீர் ஊற்றித் தேய்த்த பிறகே நரம்பின் ஓரம் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது மாதிரி. உலோக வெள்ளி பொடியாகாது. அரைக்கும்போது தகடாக நசுங்கிச் சல்லடையின் மேல் தங்கிவிடும். சலித்த பொடியில் மட்டும் 30 கிராம் எடுத்துச் சோதித்தால் விடை முற்றிலும் தப்பு. ஒரு கிலோவை அரைத்து 106 மைக்ரான் சல்லடையில் சலியுங்கள். மேலே தங்கியது முழுவதையும், கீழே விழுந்ததில் இரண்டு பங்குகளையும் தனித்தனியே சோதித்து, எடைப்படி சேர்த்துக் கணக்கிடுங்கள். மேலே தங்கிய 5 கிராமில் 1.8 கிராம் வெள்ளி. கீழே விழுந்த 995 கிராமில் டன்னுக்கு 40 கிராம் வீதம் என்றால், உண்மையான தரம் டன்னுக்குச் சுமார் 1,840 கிராம். பொடியை மட்டும் பார்த்தவர் 40 என்று எழுதுவார்.

மாதிரியை ஈயத்தோடு உருக்கி வெள்ளியைப் பிரித்தெடுக்கும் நெருப்புச் சோதனையில் சூடு கூடினாலும் வெள்ளி ஆவியாகிக் குறையும். ஈயத்தை உறிஞ்சும் எலும்புச்சாம்பல் கிண்ணத்தின் விளிம்பில் இறகு போன்ற ஈய ஆக்சைடு படிகங்கள் தெரிந்தால் சூடு சரி. அப்போதும் சிறிது இழப்பு இருக்கும். எடை தெரிந்த தூய வெள்ளியை அதே தடவையில் பக்கத்தில் வைத்து எடுத்து, அது எவ்வளவு குறைந்ததோ அதைக் கொண்டு திருத்த வேண்டும்.

மைக்ரோஸ்கோப்புக்காக மெருகிட்ட துண்டுகளை உடனே பாருங்கள். வெள்ளி காற்றுப் பட்டு மஞ்சள் பழுப்பாக மங்கும். அகாந்தைட் என்ற வெள்ளி சல்ஃபைடு கனிமம் பலத்த வெளிச்சத்தில் குழிந்துபோகும். விளக்கைக் குறைத்து முதலில் அதைப் படமெடுங்கள். கம்பி வெள்ளியின் அடியில் அகாந்தைட் ஒட்டியிருக்கிறதா என்பதே முக்கியமான கேள்வி. கந்தகத்தை இழக்கும் அகாந்தைட்டிலிருந்து கம்பி வளரக்கூடும் என்பதால், கம்பியை மட்டும் பிடுங்கி எடுக்காமல் அடிப்பகுதியோடு வெட்டி எடுங்கள்.