நாரி பிடித்த நாட்கள்

யூலை 2
அம்மாவைக் கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றும்போது நாரியில், அதுதான் அடிமுதுகில், பிடித்தது. அம்மாவை விழவிடவில்லை, அது போதும். பிறகு நான் நாலு காலில் நிலத்தில் நின்றபடி எதிர்வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டேன். "என்னத்தைத் தேடுறாய் பிள்ளை?" என்று அம்மா மேலிருந்து கேட்டார்.

யூலை 3
பனடோல் இரண்டு, சித்தாலேப, படுக்கை. மின்விசிறிக்கு மூன்று இறக்கை.

யூலை 4
டொக்டரிடம் போனேன். சாய்மானம் இல்லாத வாங்கில் மூன்று மணித்தியாலம் இருந்த பிறகுதான் நாரி நோவுக்கு மருந்து! வலது காலின் பின்பக்கமாகக் கெண்டைக்கால்வரை சுள்ளென்று இழுக்கிறது என்றேன். மல்லாக்கப் படுக்கவைத்து, காலை மடக்காமல் தூக்கிப் பார்த்தார். பாதி உயரத்தில் கத்திவிட்டேன். முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறதுபோல என்றார். எக்ஸ்ரே? அதில் எலும்புதான் தெரியும், தட்டு தெரியாது. ஸ்கான்? பெரும்பாலும் ஆறு கிழமைக்குள் தணிந்துவிடும், தணியாவிட்டால் பார்ப்போம். குளிசை சாப்பிட்ட பிறகு மட்டும். படுத்தே கிடக்கக் கூடாது, நடக்க வேண்டும். ஒன்றை மட்டும் இரண்டு தரம் சொன்னார்: சிறுநீர் அடைத்தாலோ, குந்தியிருக்கும் இடம் மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்தாலோ அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும்.

இப்போதைக்குப் பாரம் தூக்கக் கூடாதாம். சரி என்றேன். அம்மா 52 கிலோ.

யூலை 5
மரத்திருக்கிறதா என்று நாள் முழுக்க என்னையே கிள்ளிப் பார்த்தேன். இல்லை.

யூலை 7
காலையில் அம்மாவுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்த பேணி பின்னேரமும் நிறைய இருந்தது. "விடாய்க்கேல்லை பிள்ளை." வெளியே கச்சான் அடித்து முற்றத்து மண்ணெல்லாம் குசினிக்குள் வந்துவிட்டது, நாய்கூட நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடக்கிறது, இவருக்கு மட்டும் விடாய் இல்லையாம். அக்காவிடம் போனில் சொன்னேன். "வயசு போனா அப்பிடித்தான்" என்றாள். மூதூரிலிருந்து சொல்லலாம். முன்பு இங்கே திருகோணமலைக்கு வரக் கிண்ணியாவில் பாதைப் படகு ஏறிக் கடக்க வேண்டும், வராததற்கு அது ஒரு சாட்டு. பாலம் திறந்தது 2009இல்.

வயதில்லை. தண்ணீர் குடித்தால் எழும்ப வேண்டும். எழும்ப வேண்டுமென்றால் நான் தூக்க வேண்டும். அம்மா கணக்குப் பார்க்கிறார்.

யூலை 9
பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு மருந்து. ஆமணக்கிலையை வாட்டிக் கட்டு, நொச்சியிலை அவித்த தண்ணியில் குளி, பலகையில் படு, கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போ. உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தணம் பிடித்தேன். சூடு இருக்கும்வரை சுகம். பலகை வேண்டாம். பக்கவாட்டில் படுத்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்தபோதுதான் முதன்முறையாக நாலு மணித்தியாலம் தூங்கினேன்.

பேணி அரைவாசி.

யூலை 10
தும்மினேன். இனி மிளகாய் வறுப்பதில்லை.

யூலை 12
கோட்டைவரை நடந்தேன். கோணேசர் மலையேற இன்னும் துணிவு வரவில்லை, மான்கள் நிற்கும் இடத்தோடு திரும்பிவிட்டேன். ஒரு மான் குனிந்து கீழே கிடந்த லஞ்ச் சீற்றை நக்கிவிட்டு அப்படியே நிமிர்ந்தது. எவ்வளவு சுலபமாக! நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நடக்கும்போது நோவு குறைவு, இருக்கும்போதுதான் கூட. வீட்டுக்கு வந்து இதையும் நின்றுகொண்டே எழுதுகிறேன்.

யூலை 15
பிசியோ பிள்ளை நல்ல பிள்ளை, என் மகளின் வயது இருக்கும். குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி நெஞ்சை மெல்ல உயர்த்தச் சொன்னாள். நோவு காலிலிருந்து மேலேறி நாரிக்குள் வந்தால் நல்ல குறியாம், கீழே இறங்கினால் நிறுத்த வேண்டுமாம். பத்துத் தரம் செய்தேன். கெண்டைக்காலை விட்டுத் தொடைக்கு ஏறியிருக்கிறது. நோவு இடம் மாறியதற்குச் சந்தோஷப்படுவேன் என்று நினைக்கவே இல்லை.

பிறகு அம்மாவின் கதையைச் சொன்னேன். "நீங்கள் அவவைத் தூக்கவே கூடாது அன்ரி, உருட்ட வேணும்" என்றாள். முதலில் பக்கவாட்டில் திருப்பு. கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கு. அந்தக் கால்களின் பாரமே உடம்பை எழுப்பிவிடும். பழைய சேலையை மடித்து இடுப்பில் கட்டி அதைப் பிடி, அக்குளில் கை கொடுக்காதே. உன் முழங்கால் மடியட்டும், முதுகு மடியக்கூடாது. கதிரைப் பக்கம் இடுப்பைத் திருகாதே, பாதத்தை எடுத்து வைத்துத் திரும்பு. நானும் காலையில் அதே மாதிரித்தான் எழும்ப வேண்டுமாம்.

மூன்று வருடமாகப் பிழையாகத் தூக்கியிருக்கிறேன். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

யூலை 18
கன்னியா. போயிருக்கக் கூடாது. ஏழு கிணற்றிலும் கையைவிட்டுப் பார்த்தேன், சின்னப் பிள்ளை மாதிரி. ஒன்றுக்கொன்று சூடு கொஞ்சம் வித்தியாசம். குனிந்து வாளி அள்ளுவதுதான் நாரிக்கு எமன், அதனால் பக்கத்தில் நின்ற ஒரு பெண் அள்ளி ஊற்றினா. சுகமாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அங்கே சிலர் மொட்டைத் தலையோடு நின்றார்கள், செத்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்தவர்கள். இராவணன் தாயின் கிரியைக்கு உண்டாக்கிய ஊற்று என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. எனக்கும் தெரியும். தெரிந்தும் போனேன்.

ஆட்டோ குலுக்கியதில் வந்த சுகமும் போய்விட்டது.

யூலை 20
சேலையைக் கட்டினேன். எதிர்வீட்டுத் தம்பி பக்கத்தில் நிற்க, நானே எழுப்பினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று அம்மாதான் எண்ணினார். நோகவில்லை. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கதிரையில் இருந்ததும் பேணியைக் கேட்டார்.

யூலை 21
இரண்டு பேணி. இரவு ஒரு பிளேன்ரீயும்.

யூலை 22
விடிய இரண்டு மணி. கூப்பிடுகிறார். இது இரண்டாம் தரம். தம்பியை எழுப்ப முடியாது. சேலை எங்கே