நீட் ரிப்பீட் வருஷத்தில் டவுட் கிளியரிங் வேலை: ஒத்துக்கொள்ளலாமா?

நீட் இரண்டாவது தடவை எழுதி, 2025 கவுன்சலிங் முதல் சுற்றிலேயே அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஒரு வருஷத்துக்கு அப்புறம் அன்று ராத்திரிதான் அலாரம் வைக்காமல் தூங்கினேன். அதிலிருந்து ஜூனியர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "அக்கா, நீங்க கோச்சிங் சென்டர்ல வேலையும் பார்த்துட்டே படிச்சீங்களே, நாங்களும் பார்க்கலாமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

2024 நீட்டில் எனக்கு 571. பயாலஜி 360-க்கு 330, கெமிஸ்ட்ரி 180-க்கு 139, பிசிக்ஸ் 180-க்கு 102. முதல் ரிசல்ட்டில் 67 பேர் 720-க்கு 720 எடுத்ததாக வந்ததே, அந்த வருஷம். எல்லாருக்கும் மார்க் ஏறியிருந்ததால், 571-ஐ வைத்துக்கொண்டு எனக்கு எந்த அரசு இடமும் இல்லை.

நான் படித்த சென்டரிலேயே கூப்பிட்டார்கள். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் நாலரை முதல் எட்டு மணி வரை பயாலஜி சந்தேகம் தீர்க்க வேண்டும், டெஸ்ட் பேப்பர் திருத்த வேண்டும். மாதம் 9,000 ரூபாய், ரிப்பீட்டர் பேட்ச் ஃபீஸில் பாதி தள்ளுபடி. அப்பா முதுகில் ஆபரேஷன் ஆகி வேலைக்குப் போகாமல் இருந்த நேரம். அன்றைக்கே சரி என்று சொல்லிவிட்டேன்.

வேலைக்குப் போனது தப்பில்லை. பயாலஜிக்குப் போனதுதான் தப்பு.

சொல்லிக்கொடுத்தால் நாமும் படித்த மாதிரி என்று எல்லாரும் சொல்வார்கள். தெரியாத பாடத்துக்கு அது உண்மை. தெரிந்த பாடத்தில், தெரிந்ததையேதான் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்போம். எனக்கு பயாலஜியில் இன்னும் எடுக்க வேண்டியது 30 மார்க். பிசிக்ஸில் 78 மார்க் சும்மா கிடந்தது. அப்படியும் மூன்று மாதம் தினமும் போர்டில் நெஃப்ரான் வரைந்தேன், கிரெப்ஸ் சுழற்சி வரைந்தேன். பிள்ளைகள் "சூப்பரா புரியுது அக்கா" என்பார்கள். நிறையப் படித்துவிட்ட திருப்தியோடு வீட்டுக்கு வந்து படுத்துவிடுவேன். அக்டோபர் மாக் டெஸ்ட்டில் பயாலஜி 340, பிசிக்ஸ் 61. அந்தத் தாளை அம்மாவிடம் காட்டாமல் பையிலேயே வைத்திருந்தேன்.

மறுநாள் பொறுப்பாசிரியரிடம் போய், பிசிக்ஸ் டவுட்டுக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டேன். "உனக்கே பிசிக்ஸ் வராதேம்மா" என்றார். "அதனாலதான் சார் கேக்குறேன்" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தார். முதல் மாதம் மெக்கானிக்ஸ் மட்டும் எடு, தெரியாததை நாளைக்குச் சொல்கிறேன் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடு, உளறாதே என்றார். இந்த வருஷம் எனக்குக் கிடைத்த நல்ல அறிவுரை அதுதான்.

இரண்டாவது வாரம் ஒரு பையன் கேட்டான்: "உருளுற சக்கரத்துல உராய்வு வேலையே செய்யாதுன்னா, பிரேக் பிடிச்சா வண்டி எப்படிக்கா நிக்குது?" தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் நகராது, அதனால் அங்கே உராய்வு செய்யும் வேலை பூஜ்யம் என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து தம்பியின் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு பிரேக் பிடித்தேன். தரையே இல்லாமல் சக்கரம் நின்றது. பிரேக் கட்டை ரிம்மில் உரசுகிறது, சூடு அங்கேதான் உண்டாகிறது. ஆற்றல் போகிற இடம் பிரேக் கட்டை. தரையின் உராய்வு வண்டியைப் பின்னால் தள்ளி வேகத்தைக் குறைக்கிறது. ஆனால் சக்கரம் வழுக்கினால்தான் தரையில் சூடு உண்டாகும். பதினோராம் வகுப்பிலிருந்து நான் ஃபார்முலாவாக மட்டும் வைத்திருந்த பாடம் அந்த ராத்திரிதான் புரிந்தது. அதன் பிறகு சுழற்சி இயக்கத்தில் நான் தப்பு விட்டது ரொம்பக் குறைவு.

2025 ஜனவரி கடைசியில் நீட் கேள்வித்தாள் பேட்டர்ன் மாறியது. சாய்ஸில் விடக்கூடிய கேள்விகள் போயின, 180 கேள்விக்கு 180 நிமிஷம்தான். அந்த வாரமே வேலையை விட்டேன். மே 4-ம் தேதி நீட்டில் பிசிக்ஸ் எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எழுதியவர்களுக்குத் தெரியும். எனக்கு 98 வந்தது. 102-ஐ விடக் குறைவுதான், ஆனால் அந்தத் தாளில் 98. பயாலஜி 322, கெமிஸ்ட்ரி 116, மொத்தம் 536. எல்லாருக்கும் மார்க் குறைந்ததால், எனக்கு 35 குறைந்தும் ரேங்க் எங்கேயோ மேலே போயிருந்தது.

யாராவது கேட்டால் நான் சொல்வது:

- உங்கள் பலவீனமான பாடத்தில் கொடுத்தால் மட்டும் போங்கள். மார்க் ஷீட்டை எதிரில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.
- அனுபவத்துக்காக என்று போக வேண்டாம். அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் இந்த வேலையை எழுதலாம். இங்கே நீட் ரேங்க் மட்டும்தான்.
- மதியம் 2 முதல் 5 வரை வேலை என்றால் வேண்டாம். பரீட்சை அந்த நேரத்தில்தான், மாக் டெஸ்ட்டையும் அதே நேரத்தில் எழுதிப் பழக வேண்டும்.
- ராத்திரி வாட்ஸ்அப்பில் வரும் சந்தேகம், பெற்றோருக்குப் போன் பண்ணுவது, அட்மிஷன் டெஸ்க்கில் உட்காருவது: இதெல்லாம் உண்டா என்று முதல் நாளே கேளுங்கள்.
- ஜனவரியோடு நிறுத்துவேன் என்று சேரும்போதே சொல்லிவிடுங்கள்.

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது எவ்வளவு ஒத்துவரும் என்று சொல்ல முடியவில்லை. எனக்குப் பேசினால்தான் பாடம் ஏறும். தனியாக உட்கார்ந்து படித்தால்தான் ஏறும் என்கிறவர்கள், பணக் கஷ்டம் இல்லையென்றால், போகாமலே இருக்கலாம். ஏற்கெனவே இடம் கிடைத்து, வகுப்பு தொடங்கக் காத்திருப்பவர்கள் தாராளமாகப் போகலாம்.

அப்புறம் ஒன்று. என் தோழி வேறொரு சென்டரில் சேர்ந்தாள். நடுவில் போய்விடக் கூடாது என்று பத்தாவது, பன்னிரண்டாவது ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கவுன்சலிங் நேரத்தில் அதைத் திரும்ப வாங்க அவளும் அவள் அப்பாவும் பத்து நாள் அலைந்தார்கள். சரிபார்ப்புக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் கைக்கு வந்தது. யார் கேட்டாலும் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். ஒரிஜினல்தான் வேண்டும் என்றால் அந்த வேலையே வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள்.